ஹெல்மெட் என் கையில் இருந்தது

காப்பி காலையில் போட்டது. மறுபடி சூடு பண்ணியிருக்கிறேன், குடிக்கலாம். சர்க்கரை இல்லை. அந்த நாற்காலி வேண்டாம் அம்மா, அதற்கு ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள்.

பேச்சைப் பிடிக்கிற அந்தக் கருவியை மேஜைமேல் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அதன்மேல் நம்பிக்கை கிடையாது, ஆனால் உங்கள் கையெழுத்தின்மேலும் நம்பிக்கை கிடையாது. இரண்டில் அது பரவாயில்லை.

ஆட்வெல் கல்லூரி தன் அமெரிக்கக் கால்பந்து அணியை மூடப்போகிறது. இந்த அணி எதனால் மேலே வந்தது, எதனால் விழுந்தது என்று அறிக்கை எழுத உங்களை அனுப்பியிருக்கிறார்கள். என்னிடம் வருமுன் படித்தவர்களை எல்லாம் பார்த்திருப்பீர்கள். பொருளாதாரம் சொல்லித்தருகிற ஆள், கன்ஸாஸில் பண்ணைகள் குறைந்துவிட்டன, பையன்களும் குறைந்துவிட்டார்கள் என்று சொல்லியிருப்பார். கல்லூரித் தலைவர் நிதியைப் பற்றிப் பேசியிருப்பார். கோச்சைக் கேட்டால் கல்லூரித் தலைவரைத் திட்டியிருப்பார். ஒருவர்கூட ஹெல்மெட்டைப் பற்றிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். சாமான் அறைதான் எனக்குத் தெரியும். சட்டை துவைப்பேன், ஷூவுக்கு ஆணி மாற்றுவேன், ஹெல்மெட் பொருத்துவேன். ஹெல்மெட் பொருத்துவது என்றால் சும்மா தலையில் கவிழ்ப்பது இல்லை. உள்ளே காற்றுப் பைகள் இருக்கும். பையனின் தலைமுடியை நனைத்து, ஹெல்மெட்டைப் போட்டு, ஊசியைச் செருகிக் காற்றடிக்க வேண்டும். பிறகு முன்கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். நெற்றித் தோல் ஹெல்மெட்டோடு சேர்ந்து அசைந்தால் சரி. தோல் நின்று ஹெல்மெட் மட்டும் வழுக்கினால் காற்று போதவில்லை. அந்தப் பம்ப்பும் ஊசியும் எப்போதும் என் கழுத்தில் தொங்கும். என் மனைவி ஆர்லீன், சர்ச்சுக்குப் போகும்போதாவது அதைக் கழற்று என்பாள்.

மேலே வந்தது எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பையன்கள் தங்கினார்கள், அதனால் ஜெயித்தோம். அவ்வளவுதான்.

கோச் ஹாகன் இருந்த காலத்தில் வந்தவர்கள் எல்லாம் வைக்கோல் கட்டுத் தூக்கி வளர்ந்தவர்கள். வேறு எங்கேயும் அவர்களைக் கூப்பிடவில்லை. முதல் வருஷம் அடி வாங்குவார்கள். அடுத்த வருஷம் கொஞ்சம் அடிப்பார்கள். நான்காம் வருஷத்துப் பையன், பக்கத்தில் குனிந்து நிற்கிறவனின் மூச்சைக் கேட்டே அவன் எந்தப் பக்கம் பாய்வான் என்று சொல்லிவிடுவான். அதைக் காசு கொடுத்து வாங்க முடியாது. சனிக்கிழமையானால் ஊரில் கடை கிடையாது. அறுவடை எந்திரத்தை வயலிலேயே நிறுத்திவிட்டு வருவார்கள். சர்ச் பெண்கள் கேலரிக்கு அடியில் பீராக் விற்பார்கள். பீராக் உங்களுக்குத் தெரியும்தானே, கறியும் முட்டைகோஸும் அடைத்த பன். எங்கள் ஆட்கள் ரஷ்யாவிலிருந்து வந்தபோது கொண்டுவந்தது அது ஒன்றுதான்.

கோப்பை வென்ற வருஷம்தான் ஆர்லீன் போனாள். அரிசோனாவில் அவள் தங்கை இருக்கிறாள். பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, "உனக்கு நான் எதுக்கு வெர்ல்? அதான் வீடு கொள்ளாத பையங்க இருக்காங்களே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவள் சொன்னது சரி என்றுதான் எனக்கும் பட்டது. அதனால் தடுக்கவில்லை.

பிறகு விதியை மாற்றினார்கள். முன்பெல்லாம் ஒரு பையன் வேறு கல்லூரிக்குப் போனால் ஒரு வருஷம் சும்மா உட்கார வேண்டும். இப்போது அது இல்லை. நினைத்தால் போகலாம். பெரிய கல்லூரிகள் எங்களைப் போன்ற ஊர்களை மாட்டுச்சந்தை மாதிரி பார்க்க ஆரம்பித்தன. நாம் வளர்த்து, பல் பார்த்து, கொழுக்க வைத்தால் டிசம்பரில் வந்து ஓட்டிக்கொண்டு போவார்கள். போகிற பறவையின் பெயரை ஓர் அணிக்கு வைத்த புத்திசாலி யாரோ. ஆட்வெல் நாரைகள். வைத்தபோதே தெரிந்திருக்க வேண்டும்.

ஆகஸ்டில் முகாம் தொடங்கும்போது எல்லா ஹெல்மெட்டின் நெற்றியிலும் வெள்ளை டேப் ஒட்டிப் பெயர் எழுதுவோம், புதுக் கோச்சுகளுக்கு முகம் பழகும்வரை. டிசம்பரில் போனவர்களின் டேப்பை நான் உரிப்பேன். குப்பையில் போட மனம் வராது. என் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைப்பேன். ஒரு பக்கம் நிறைந்து மறுபக்கமும் நிறைந்தது. போனவன் எவனும் ஒரு கிறிஸ்துமஸ் அட்டை அனுப்பியதில்லை. குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஜோரி ஆர்சினோ அப்போதுதான் வந்தான்.

லூசியானாக்காரன். பந்தை நெஞ்சில் அணைத்துக்கொண்டு ஓடுகிறவன். அவனைப் பிடிப்பது எண்ணெய் தடவிய பன்றியைப் பிடிப்பது மாதிரி. அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு மரியாதை உண்டு, பெரியவர்களைப் பெயருக்கு முன்னால் மிஸ்டர் போட்டுத்தான் கூப்பிடுவார்கள். மற்ற பையன்களுக்கு நான் 'கிழவன்'. அவனுக்கு நான் 'மிஸ்டர் வெர்ல்'.

குளிர் தாங்க மாட்டான். பயிற்சி முடிந்ததும் சாமான் அறைக்கு வந்து, துணி உலர்த்தும் எந்திரத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வான். சூடாக இருக்கும். நான் சட்டை மடிப்பேன், அவன் பேசுவான். ஒரு தரம் பீராக் கொடுத்தேன். கடித்துப் பார்த்துவிட்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"மிஸ்டர் வெர்ல், இதுல மிளகாய் போட்டா பாவம்னு உங்க பாஸ்டர் சொன்னாரா?"

"மிளகு போட்டிருக்குடா."

"மிளகை இதுக்குக் காட்டிட்டுத் திரும்ப டப்பாவுல போட்டிருப்பாங்க."

மறுநாள் அவன் ஊர் மிளகாய்ச் சாறு ஒரு பாட்டில் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தான். "இது இங்கேயே இருக்கட்டும், நானும் இங்கேதானே இருக்கப்போறேன்" என்றான். அவன் அப்படிச் சொன்னான். நான் கேட்டுச் சொல்லவில்லை, அவனாகச் சொன்னான். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு அவன் ஊருக்குப் போக வழியில்லை. இங்கே வந்தான். நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில்தான் உட்கார்ந்தான். நான் வான்கோழியைக் கருக்கிவிட்டேன். அவன் கருகியதைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சாப்பிட்டான். "எங்கம்மா பார்த்தா இந்தக் கோழிக்குத் திரும்ப ஒரு அடக்கம் பண்ணச் சொல்லுவா" என்றான். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். ஆர்லீன் போனபிறகு இந்த வீட்டில் இன்னொருவர் கழுவிய தட்டு அதுதான்.

அடுத்த வருஷம் அக்டோபரில், அதே எந்திரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டு, காலை ஆட்டிக்கொண்டே சொன்னான்.

"மிஸ்டர் வெர்ல், உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன். அம்மாகிட்டகூட இன்னும் சொல்லல."

"என்ன, பொண்ணா?"

"பொண்ணு இல்ல. பெரிய இடத்துலருந்து கூப்பிட்டிருக்காங்க. டிவில வர்ற டீம். சீசன் முடிஞ்சதும் போறேன்."

"நல்லதுப்பா."

"கோபமா?"

"எனக்கென்ன கோபம். காலை ஆட்டாதே, எந்திரம் தள்ளாடுது."

இறங்கி என் தோளைத் தட்டிவிட்டுப் போனான். நான் மீதிச் சட்டைகளை மடித்தேன். மடித்துக்கொண்டே யோசித்தேன். அடிபட்ட பையனை எந்தப் பெரிய கல்லூரியும் எடுத்துக்கொள்வதில்லை. இதை நான் கண்டுபிடிக்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு முழங்கால். ஒரு சீசன் நொண்டினால் போதும். இங்கேயே இருந்து குணமாகிவிடுவான். நான் பார்த்துக்கொள்வேன். அப்படி ஒரு நினைப்பு வந்தது. நினைப்புக்குத் தண்டனை கிடையாது என்று நினைக்கிறேன்.

இப்போது ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும், உங்கள் படித்த ஆட்கள் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆட்டத்தில் ஒரு பையனுக்குத் தலையில் அடி பட்டால், அவனை வெளியே உட்கார வைத்தால் போதாது. கண்ணைத் திருப்பினால் மறுபடி உள்ளே ஓடிப்போய் ஆடுகிறவர்களோடு நின்றுவிடுவான். அதனால் அவன் ஹெல்மெட்டைப் பிடுங்கி ஒளித்துவைப்போம். ஹெல்மெட் இல்லாமல் நடுவர் உள்ளே விட மாட்டார். பிடுங்குவது டானா. அடிபட்டவர்களைப் பார்த்துக்கொள்ளப் படித்துவிட்டு வந்தவள், நல்ல பெண். ஒளித்துவைப்பது நான். ஈரத் துண்டுகள் வைக்கும் பெட்டிக்குள் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்வேன்.

அத்தனை வருஷத்தில் ஒருவனுக்கும் கொடுத்ததில்லை. அழுதிருக்கிறார்கள். என் அம்மாவைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். ஒரு பையனின் அப்பா கேலரியிலிருந்து இறங்கி வந்து, அறுத்த மாட்டில் பாதியைத் தருகிறேன், குளிர்பெட்டியில் இடம் பண்ணிக்கொள் என்றார். பெட்டியைவிட்டு நான் எழுந்திருக்கவில்லை. டானா என்னை 'பூட்டு' என்றுதான் கூப்பிடுவாள்.

நவம்பர் முதல் வாரம். காற்று வடக்கிலிருந்து அடித்தது. ஆட்டத்தின் இரண்டாவது கால்பகுதியில் ஜோரியைப் பக்கவாட்டில் ஒருவன் இடித்தான். விழுந்தான், எழுந்தான், நடந்துபோய் எதிரணியின் பெஞ்சில் உட்கார்ந்தான். கேலரியில் எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவனிடம் தண்ணீர் கேட்டானாம். டானா சிரிக்கவில்லை. கையைப் பிடித்து அழைத்துவந்து, ஹெல்மெட்டைக் கழற்றி என்னிடம் தந்தாள்.

"பூட்டு, இன்னிக்கு இவன் முடிஞ்சான். அழுதாலும் குடுக்காதே."

"தெரியும்."

கடைசிக் கால்பகுதியில் எங்கள் பையன் ஒருவனுக்குக் காரை எலும்பு போனது. டானா மைதானத்தின் அந்தக் கோடியில் அவனோடு இருந்தாள். ஜோரி என்னிடம் வந்தான்.

"மிஸ்டர் வெர்ல், குடுங்க. நான் நல்லாருக்கேன்."

"ஸ்கோர் என்ன?"

பலகையைப் பார்த்துச் சொன்னான். சரியாகத்தான் சொன்னான்.

"எங்கம்மா வந்திருக்காளா?" என்று கேட்டான்.

"இல்லப்பா, அவங்க லூசியானாவுல இருக்காங்க."

"சரி சரி. குடுங்க மிஸ்டர் வெர்ல். எங்கம்மா வந்திருக்காளா?"

பெட்டியிலிருந்து எழுந்தேன். ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்தேன். வளர்ந்த பையன், அவனுடைய பொருளைக் கேட்டான். என்னுடைய பொருள் இல்லையே அது.

அவன் ஓடினான். அப்படி ஓர் ஓட்டத்தை இந்த ஊர் பார்த்ததில்லை. கோட்டுக்குச் சற்று முன்னால் இரண்டு பேர் மோதினார்கள், அப்படியும் கோட்டைத் தாண்டி விழுந்தான். டச்டவுன், ஆறு புள்ளி. கேலரி முழுவதும் எழுந்து நின்று கத்தியது. பாண்டு வாசித்தார்கள். அவன் எழுந்திருக்காததை ஊர் கவனிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. முதலில் வாத்தியம் நின்றது, பிறகு கத்தல். அந்த ஆட்டத்தை நாங்கள் ஜெயித்தோம். உங்கள் அறிக்கைக்கு வேண்டுமானால், ஆட்வெல் கடைசியாக ஜெயித்த ஆட்டம் அது.

அன்றைக்கே அவனை ஹெலிகாப்டரில் கொண்டுபோனார்கள். ஹெல்மெட்டை வெட்டி எடுத்து ஓரமாகப் போட்டிருந்தார்கள். நான் எடுத்து வந்து கழுவிக் காயவைத்தேன். அது என் வேலை.

விசாரணையில் கல்லூரி வக்கீல் கேட்டது ஒரே கேள்வி. ஹெல்மெட் அவனிடம் எப்படிப் போனது. அந்த நேரம் டானா தூரத்தில் இருந்தாள், தலையாட்டினாளா இல்லையா என்று பார்த்தவர்கள் யாரும் இல்லை. நான் சொன்னேன், "அங்கேருந்து டானா சரின்னு தலையாட்டினா, குடுத்தேன்." அவள் என் பக்கம் திரும்பினாள்.

"வெர்ல், என்னைப் பார்த்துச் சொல்லு."

பார்த்துத்தான் சொன்னேன். பூட்டு என்று கூப்பிடவில்லை என்பதைக் கவனித்தேன். வக்கீல் தன் ஆட்களிடம், இத்தனை வருஷம் ஒருத்தனுக்கும் கொடுக்காதவன் அன்றைக்கு மட்டும் சும்மா கொடுப்பானா என்றார். நியாயமான கேள்விதான். டானா சண்டை போடவில்லை. பையை எடுத்துக்கொண்டு போனாள். அவளுடைய உரிமத்தைப் பறித்துவிட்டார்கள். சலைனாவில் ஒரு டயர் கடையில் கல்லாவில் இருக்கிறாள் என்று கேள்வி. சின்ன வயசு. வேறு வேலை கிடைக்கிற வயசு.

அதற்குப் பிறகு எந்தத் தாயும் பிள்ளையை ஆட்வெல்லுக்கு அனுப்பவில்லை. முகாமுக்கு வருகிறவர்கள் வருஷா வருஷம் குறைந்தார்கள். கோச்சுகள் மாறினார்கள். பீராக் அடுப்பை சர்ச் பெண்கள் விற்றுவிட்டார்கள். நீங்கள் கேட்ட வீழ்ச்சி அதுதான். என்னால் விழுந்தது என்று எழுத ஆசைப்படுவீர்கள். எழுதுங்கள். எப்படியும் விழுந்திருக்கும், போகிறவர்கள் போய்க்கொண்டேதானே இருந்தார்கள். நான் ஒருவனை நிறுத்திப் பார்த்தேன்.

நின்றான். தானியக் கிடங்குக்குப் பின்னால் இருக்கிற பராமரிப்பு இல்லத்தில், ஜன்னலோரக் கட்டில் அவனுடையது. கல்லூரிதான் செலவு பார்க்கிறது. அவன் அம்மா ஒடெட் இறால் ஆலையில் வேலை செய்கிறவள், வருஷத்துக்கு ஒரு தடவை வர முடிந்தால் பெரிசு. நான் தினமும் போகிறேன். இடது பக்கம் வராது. பேச்சு அதிகம் இல்லை. 'மிஸ்டர்' என்பான், அதற்குப் பிறகு வருவதில்லை. பரவாயில்லை, எனக்குப் புரிகிறது. பீராக்கை மசித்து, ஒரு சொட்டு மிளகாய்ச் சாறு விட்டு ஊட்டுவேன். நாக்கில் பட்டதும் சிரிப்பான். அங்கே இருக்கிற நர்ஸ், "வெர்ல், நீ வந்தாதான் இவன் வாயைத் திறக்கிறான், என்ன மந்திரம் போட்டே?" என்பாள். ஒவ்வொரு தேங்க்ஸ்கிவிங்குக்கும் நாங்கள் இருவரும் சேர்ந்துதான் சாப்பிடுகிறோம். அலமாரிக் கதவில் அவன் டேப்பை நான் ஒட்டவில்லை. அது அவன் கட்டில் தலைமாட்டில் இருக்கிறது. போகாதவனின் டேப்பை எதற்கு அந்தக் கதவில் ஒட்டுவது.

போன வாரம் ஒடெட் போன் பண்ணினாள். அழுகிற மாதிரியும் சிரிக்கிற மாதிரியும் இருந்தது.

"மிஸ்டர் வெர்ல், வீட்டுக்குச் சரிவுப் பாதை போட்டாச்சு. எங்க சர்ச் ஆளுங்களே சேர்ந்து போட்டாங்க. கட்டில் வெச்ச வேன் ஒண்ணு கிடைச்சிருக்கு. என் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிட்டு வரேன்."

"எப்போ?"

"வர்ற ஞாயித்துக்கிழமை. நீங்க மட்டும் இல்லேன்னா இத்தனை வருஷம் அவன் அனாதையா கிடந்திருப்பான். இந்தக் கடனை எப்படி அடைக்கப்போறேனோ. எப்ப வேணும்னாலும் வாங்க, உங்க வீடு மாதிரி."

லூசியானா. எனக்குக் கண் மங்கிவிட்டது, இந்த ஊருக்குள்ளேயே ஓட்டுவது கஷ்டம். அவளுக்கு அது தெரியாது. அவன்மேல் அவளுக்குப் பிரியம் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மசிப்பது எவ்வளவு, எத்தனை சொட்டு, எந்தப் பக்கம் ஊட்டினால் புரை ஏறாது, இதெல்லாம் அவளுக்கு என்ன தெரியும்? புது இடத்தில் வாயைத் திறக்கவே மாட்டான்.

ஆகையால் மீதியையும் சொல்கிறேன். இதுவரை சொன்னது ஒரு கிழவன் இரக்கப்பட்டுக் கொடுத்த மாதிரி இருக்கும். அதைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அது போதாது.

முழங்கால் என்று சொன்னேன் அல்லவா. அவனை நிறுத்த ஒரு முழங்கால் போதும் என்று நினைத்ததாக. நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். ஹெல்மெட்டைக் கொடுக்கும் முன் நான் கழுத்திலிருந்த ஊசியை எடுத்தேன். ஹெல்மெட்டைத் திருப்பி, ஒவ்வொரு பையிலும் செருகினேன். காற்று மெல்லிய சத்தத்தோடு போனது, தூங்குகிறவன் புரண்டு படுக்கிற மாதிரி. அவன் பொறுமையாக நின்றுகொண்டிருந்தான். எப்போதும் நான்தானே பொருத்துவேன், காற்றடிக்கிறேன் என்று நினைத்திருப்பான். தாடைப் பட்டையை நானே மாட்டிவிட்டேன். வழக்கப்படி முன்கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். ஹெல்மெட் வழுக்கியது. நெற்றி அசையவில்லை. "சரியா இருக்கா?" என்று கேட்டேன். "சரியா இருக்கு, மிஸ்டர் வெர்ல்" என்றான்.

முழங்காலுக்கு எதற்கு ஹெல்மெட்டில் காற்றை எடுக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த ஹெல்மெட் இன்னும் என்னிடம் இருக்கிறது, படுக்கை அறையில். பைகள் அப்படியே தட்டையாக இருக்கின்றன. வெட்டுப்பட்டது பக்கவாட்டில்தான், பைகளில் இல்லை. தெரிந்தவர் யாரிடமாவது காட்டுங்கள், சொல்வார்கள்.

இது இப்போது போலீஸ் விஷயம் ஆகிறது, இல்லையா? டானாவுக்கும் நல்லதுதான், அவள் உரிமம் திரும்பக் கிடைக்கும். ஆனால் நான் உங்களிடம் கேட்க நினைத்தது வேறு. வழக்கு என்று வந்தால் அடிபட்டவனை டாக்டர்கள் பார்க்க வேண்டும், நீதிபதி பார்க்க வேண்டும். வழக்கு முடியும்வரை அவனை இந்த மாவட்டத்தைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது, இல்லையா? என்னைக் கொண்டுபோய் வைக்கிற இடமும் தானியக் கிடங்குக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறது. அங்கிருந்து அந்த ஜன்னல் தெரியுமோ என்னவோ. நீங்கள் படித்தவர், உங்களுக்குத் தெரியும்.

காப்பி ஆறிவிட்டது, விடுங்கள். போன் சமையலறைச் சுவரில் இருக்கிறது. இன்றைக்கே கூப்பிட்டுவிட்டால் நல்லது அம்மா. ஞாயிற்றுக்கிழமை வேன் வருகிறது.